ஸ்பின்-ஆஃப் என்றால் என்ன? மோட்டோரோலா தன் செல்போன் தொழிலைப் பிரித்த விதம்

2011 ஜனவரி 4ஆம் தேதி நியூயார்க் பங்குச்சந்தை திறந்தபோது மோட்டோரோலா இரண்டு நிறுவனங்களாகியிருந்தது. போலீசுக்கும் தீயணைப்புத் துறைக்கும் வாக்கி-டாக்கி, கடைகளுக்கும் கிடங்குகளுக்கும் பார்கோடு ஸ்கேனர் விற்றுவந்த பகுதிக்கு மோட்டோரோலா சொல்யூஷன்ஸ் என்று பெயர். செல்போனும் கேபிள் டிவி செட்-டாப் பாக்ஸும் தயாரித்த பகுதி மோட்டோரோலா மொபிலிட்டி ஆனது. இதில் யாரும் யாரையும் விலைக்கு வாங்கவில்லை. முந்தைய நாள் வரை மோட்டோரோலா பங்கு வைத்திருந்தவர்களே மறுநாள் இரண்டு நிறுவனங்களுக்கும் சொந்தக்காரர்கள்.

ஒரு நிறுவனம் தன் தொழில்களில் ஒன்றைத் தனி நிறுவனமாக்கி, அதன் பங்குகளைத் தன் பங்குதாரர்களுக்கே காசு வாங்காமல் பிரித்துக் கொடுப்பதுதான் ஸ்பின்-ஆஃப். இந்தியாவில் டிமெர்ஜர் என்ற சொல்தான் அதிகம் புழங்குகிறது. தொழிலை விற்பது வேறு. ஐபிஎம் 2005ல் தன் கம்ப்யூட்டர் தொழிலை லெனோவோவுக்கு விற்றது. அதற்குப் பணமும் பங்கும் கிடைத்தன. இழுத்து மூடுவது இன்னொரு வழி. எல்ஜி 2021ல் செல்போன் தொழிலை அப்படித்தான் முடித்துக்கொண்டது. ஸ்பின்-ஆஃபில் தாய் நிறுவனத்துக்குப் பொதுவாக விலை என்று எதுவும் வராது. பல சமயம் கையிலிருந்தும் கொடுத்து அனுப்ப வேண்டியிருக்கும்.

இதைப் பாகப்பிரிவினை மாதிரி எண்ணிக்கொண்டால் பாதி புரிந்துவிடும். பிரிந்தார்கள் என்ற செய்தி முக்கியமில்லை. யாருக்கு எது போனது என்ற பத்திரம்தான் முக்கியம். செல்போன், கம்ப்யூட்டர் போன்ற கருவிகளைத் தயாரித்து நஷ்டத்தில் ஓடும் தொழிலுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

ஏன் பிரிக்க வேண்டும்?

மோட்டோரோலா 2004ல் கொண்டுவந்த ரேசர் வி3 என்ற மெல்லிய மடக்கு போன் 13 கோடிக்கும் மேல் விற்றது. 2006ல் உலகில் விற்ற செல்போன்களில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் மோட்டோரோலாவுடையது. நோக்கியாவுக்கு அடுத்த இடம். ஆனால் அடுத்து என்ன என்பதற்கு நிறுவனத்திடம் பதில் இல்லை. அதே போனைப் புதுப்புது நிறங்களில், மேலும் மேலும் விலை குறைத்து விற்றார்கள். 2007ல் செல்போன் பிரிவின் செயல்பாட்டு நஷ்டம் 120 கோடி டாலர். 2008ல் 220 கோடி டாலர்.

இந்தத் தொழிலில் சரிவு ஏன் இவ்வளவு வேகமாக வருகிறது? ஒரு போனுக்கான திரை, சிப், பேட்டரி எல்லாவற்றுக்கும் பல மாதம் முன்பே ஆர்டர் கொடுத்தாக வேண்டும். அவற்றில் பலவற்றை ரத்து செய்ய முடியாது. போன் சந்தைக்கு ஆறு மாதம் தாமதமாக வந்தால், வாங்கிய பாகங்களின் மதிப்பு கிடங்கிலேயே கரைந்துவிடும். கடைகளிலும் டெலிகாம் நிறுவனங்களிடமும் தேங்கிய சரக்கின் விலையைக் குறைத்தால், அந்த வித்தியாசத்தைத் தயாரிப்பாளரே ஈடுகட்ட வேண்டும். விற்ற ஒவ்வொரு போனுக்கும் வாரண்டிக்கென்று பணம் ஒதுக்க வேண்டும். லாப விகிதமோ பெரும்பாலும் ஒற்றை இலக்கம். அதனால் ஒரே ஒரு மாடல் சறுக்கினாலும் அந்த ஆண்டின் லாபம் முழுவதும் போய்விடும்.

வாக்கி-டாக்கித் தொழில் இதற்கு நேர் எதிர். ஒரு மாநில போலீஸ் துறை ஒரு ரேடியோ அமைப்பை வாங்கினால் பத்து, பதினைந்து வருடம் அதையே வைத்திருக்கும். பராமரிப்புக் கட்டணமும் தவறாமல் வரும். இப்படி நிதானமாகச் சம்பாதிக்கும் தொழில், செல்போன் நஷ்டத்தின் நிழலில் மறைந்து கிடந்தது. முதலீட்டாளர் கார்ல் ஐகான் பெருமளவில் பங்குகளை வாங்கிச் சேர்த்து, பிரிக்கச் சொல்லி நிர்வாகத்தை நெருக்கியதற்கு இதுதான் காரணம். ஒன்றாக இருக்கும்போது சந்தை போடும் மதிப்பைவிட, தனித்தனியே இருந்தால் இரண்டின் கூட்டுத்தொகை அதிகம் என்பதே ஸ்பின்-ஆஃப் கேட்கும் எல்லா முதலீட்டாளர்களின் வாதமும்.

செல்போன் பிரிவை விற்றிருக்கலாமே என்று கேட்கலாம். ஆண்டுக்கு 200 கோடி டாலர் நஷ்டம் காட்டும் தொழிலுக்கு நல்ல விலை சொல்லி யார் வருவார்கள்? அதோடு வரி விஷயம் ஒன்றும் இருக்கிறது. விற்றால் லாபத்துக்கு வரி உண்டு. அமெரிக்கச் சட்டம் சொல்லும் நிபந்தனைகளோடு செய்யும் ஸ்பின்-ஆஃபில் நிறுவனத்துக்கும் வரி இல்லை, பங்கு பெறுபவருக்கும் அப்போதைக்கு வரி இல்லை. குறைந்தது 80 சதவீதப் பங்குகளை விநியோகிக்க வேண்டும், இரு பக்கத் தொழில்களும் ஐந்து ஆண்டுகளாவது நடந்துவந்திருக்க வேண்டும், பிரிப்பதற்கு வரி மிச்சம் பிடிப்பதைத் தவிர நியாயமான வணிகக் காரணம் இருக்க வேண்டும். அந்த நிபந்தனைகளில் முக்கியமானவை இவை.

அறிவிப்பிலிருந்து பிரிவு வரை

மோட்டோரோலா பிரியப்போவதாக அறிவித்தது 2008 மார்ச்சில். பிரிந்தது 2011 ஜனவரியில். இடையே உலக நிதி நெருக்கடி வந்து திட்டத்தைத் தள்ளிப்போட்டது. ஆனாலும் அது ஒன்றே காரணமில்லை. நடக்கவே முடியாத நிலையில் இருக்கும் தொழிலைத் தனியே விட்டால் சில மாதங்களில் திவாலாகும். கடன் கொடுத்தவர்கள் தாய் நிறுவனத்தின் மீது வழக்குப் போடுவார்கள். முதலில் கொஞ்சமாவது தேற்ற வேண்டும். அதற்காகத்தான் 2008 ஆகஸ்டில் சிப் நிறுவனமான குவால்காமிலிருந்து சஞ்சய் ஜாவை அழைத்துவந்து, ஏற்கெனவே தலைமைப் பொறுப்பில் இருந்த கிரெக் பிரவுனுடன் இணைத் தலைமைச் செயல் அதிகாரி ஆக்கினார்கள். அவர் போன்களுக்கான பல இயங்குதளங்களைக் கைவிட்டு ஆண்ட்ராய்டை மட்டும் பிடித்துக்கொண்டார். 2009 நவம்பரில் அமெரிக்க டெலிகாம் நிறுவனமான வெரைசன் வழியாக வந்த டிராய்ட் போன் நன்றாக விற்றது. அடுத்த பிப்ரவரியிலேயே பிரிப்புக்குப் புதிய கால அட்டவணையை அறிவித்தார்கள்.

காகித வேலை இதற்குள் வேறு ஓடிக்கொண்டிருக்கும். இதுவரை ஒரே கணக்குப் புத்தகத்தில் இருந்த தொழிலுக்கு, அது எப்போதுமே தனியாக இருந்ததுபோலப் பாவித்துப் பல ஆண்டுகளுக்கான தணிக்கை செய்த கணக்குகளைப் புதிதாக உருவாக்க வேண்டும். பொதுவான வாடகை, கம்ப்யூட்டர் சர்வர், சட்டத் துறை, சம்பளப் பிரிவு எல்லாவற்றின் செலவையும் இரண்டாக வகுக்க வேண்டும். நடைமுறையில் அதிக மாதங்களை விழுங்குவது இந்த வேலைதான். பிறகு அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையத்திடம் பதிவு ஆவணம் தாக்கல் செய்ய வேண்டும். அவர்கள் கேள்வி கேட்பார்கள். திருத்தி மறுபடி தாக்கல் செய்ய வேண்டும். கடைசியில் ரெக்கார்ட் தேதி. அந்த நாளில் யார் பெயரில் பங்கு இருக்கிறதோ அவர்களுக்கே புதிய பங்கு.

கணக்கு எப்படி வரும் என்று பார்ப்போம். மோட்டோரோலாவில் 8 பங்குக்கு 1 மொபிலிட்டி பங்கு கொடுத்தார்கள். அதே வேளையில் பழைய பங்குகளை ஏழு ஏழாகச் சேர்த்து, ஏழுக்கு ஒரு சொல்யூஷன்ஸ் பங்காக்கினார்கள். ஒருவரிடம் 56 பங்கு இருந்தால், அவருக்கு 7 மொபிலிட்டி பங்கும் 8 சொல்யூஷன்ஸ் பங்கும் கிடைத்திருக்கும். 100 பங்கு வைத்திருந்தவருக்கு 12.5 மொபிலிட்டி என்று வரும். அரைப் பங்கைக் கொடுக்க முடியாது என்பதால் 12 பங்கும், மிச்சத்துக்குப் பணமும். பலர் தடுமாறும் இடம் இதற்கு அடுத்தது. பழைய பங்கை வாங்கிய விலையை, பிரிந்தபின் இரண்டின் சந்தை மதிப்பு எந்த விகிதத்தில் இருக்கிறதோ அதே விகிதத்தில் பிரித்து எழுதிக்கொள்ள வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் பின்னால் விற்கும்போது வரிக் கணக்கு தப்பாகிவிடும். விகிதத்தை நிறுவனமே வெளியிடும். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்வது நல்லது.

யாருக்கு எது போனது

இங்கேதான் விஷயமே இருக்கிறது. மொபிலிட்டி வெளியே போகும்போது கையில் சுமார் 320 கோடி டாலர் ரொக்கம் கொடுத்தார்கள். பின்னால் இன்னும் 30 கோடி தருவதாகவும் ஏற்பாடு. நீண்டகாலக் கடன்கள் சொல்யூஷன்ஸ் தலையில் நின்றன. அமெரிக்க ஊழியர்களின் பென்ஷன் பொறுப்பும் அங்கேயே.

நஷ்டம் செய்த பிள்ளைக்கு இவ்வளவு தாராளமா என்று தோன்றலாம். பிரியும் நாளில் இரண்டு நிறுவனங்களுக்கும் சொந்தக்காரர்கள் ஒரே ஆட்கள்தான் என்பதை நினைவில் வைத்தால் குழப்பம் தீரும். வலது பையிலிருந்து இடது பைக்குப் போகும் பணம் அது. ஆனால் அந்தப் பணம் இல்லாவிட்டால் இடது பை கிழிந்துவிடும். காரணம் சப்ளையர்கள். போன் பாகம் விற்பவர்கள் பெரிய தாய் நிறுவனத்தை நம்பி 60, 90 நாள் கடன் தருவார்கள். பிரிந்த மறுநாள் அவர்கள் பார்ப்பது நஷ்டக் கணக்கோடு நிற்கும் ஒரு புது நிறுவனத்தை. கெடுவை 30 நாளாகக் குறைப்பார்கள். சிலர் முன்பணம் கேட்பார்கள். விற்ற பணம் கைக்கு வருவதற்கு முன்பே பாகத்துக்கான பணம் வெளியே போகும். பெட்டியில் கணிசமான ரொக்கம் இல்லையென்றால், நல்ல போன் கையில் இருந்தும் தயாரிக்க முடியாமல் நிற்க வேண்டிவரும்.

அடுத்தது காப்புரிமைகள். 1973ல் உலகின் முதல் கைப்பேசி அழைப்பு மோட்டோரோலாவின் கருவியிலிருந்துதான் போனது. அத்தனை ஆண்டு ஆராய்ச்சியின் பலனாகச் சேர்ந்த காப்புரிமைகளில் சுமார் 17,000 மொபிலிட்டிக்குப் போயின. விண்ணப்ப நிலையில் இருந்தவை இன்னும் 7,500. இரு பக்கமும் ஒன்றின் காப்புரிமையை மற்றது பயன்படுத்திக்கொள்ள உரிமமும் கொடுத்துக்கொண்டார்கள். இந்த உரிமத்தை எழுத மறந்தால், நேற்றுவரை பக்கத்து அறையில் இருந்தவர்கள் நாளைக்கு நீதிமன்றத்தில் எதிரெதிரே நிற்பார்கள்.

பெயர் யாருக்கு? பழைய மோட்டோரோலாவின் சட்டபூர்வ வாரிசு சொல்யூஷன்ஸ். ஆனால் மோட்டோரோலா என்ற வணிகப் பெயரும், வௌவால் சிறகுபோல விரியும் எம் சின்னமும் மொபிலிட்டிக்குப் போயின. சொல்யூஷன்ஸ் தன் துறைக்குள் அவற்றைக் கட்டணமில்லாமல் பயன்படுத்த உரிமம் பெற்றது. கடையில் போன் வாங்குபவர் பெயரைப் பார்த்து வாங்குகிறார். போலீஸ் துறை டெண்டர் பார்த்து வாங்குகிறது. அதனால் பெயர் யாருக்கு அதிகம் தேவையோ அவருக்கே போனது சரியான முடிவு என்பேன். இன்றும் போக்குவரத்துக் காவலர் கையிலுள்ள மோட்டோரோலா வாக்கி-டாக்கியும் உங்கள் பையிலுள்ள மோட்டோ போனும் ஒரே சின்னத்தோடு இருக்கின்றன. முதலாவது சிகாகோ நிறுவனத்துடையது. இரண்டாவது லெனோவோவுடையது.

எங்கே இடறும்

பிரிப்பதற்கென்று தனிச் செலவு உண்டு, அது சிறியதல்ல. எச்பி நிறுவனம் 2011 ஆகஸ்டில் தன் கம்ப்யூட்டர் பிரிவைப் பிரிக்கலாமா என்று ஆராய்வதாக அறிவித்தது. சந்தைக்கு வந்து ஏழு வாரமே ஆகியிருந்த டச்பேட் டேப்லெட்டையும் அன்றே கைவிட்டது. மறுநாள் பங்கு விலை சுமார் 20 சதவீதம் விழுந்தது. தலைமைச் செயல் அதிகாரி மாறினார். புதிதாக வந்த மெக் விட்மன் அக்டோபர் இறுதியில் பிரிப்பு இல்லை என்று அறிவித்தார். பிரிக்க ஒருமுறை செலவு 150 கோடி டாலர், அதன்பின் ஆண்டுதோறும் 100 கோடி டாலர் கூடுதல் சுமை என்று கணக்கு வந்திருந்தது. சர்வருக்கும் லேப்டாப்புக்கும் சேர்த்து மொத்தமாக சிப், டிஸ்க், மெமரி வாங்கியதால் கிடைத்த தள்ளுபடி, பிரிந்தால் இரண்டு பக்கமும் சுருங்கும். ஆண்டுச் சுமைக்கு அது ஒரு பெரிய காரணம். நான்கு ஆண்டு கழித்து, 2015 நவம்பரில், அதே நிறுவனம் இரண்டாகப் பிரிந்தது. ஆனால் அறிவிப்பு முதல் பிரிவு வரை ஓராண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டு, திட்டம் போட்டுச் செய்தார்கள். பிரிப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் முன்பே ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டால், வாடிக்கையாளர்கள் அன்றே வேறு நிறுவனத்துக்கு ஆர்டர் கொடுக்கத் தொடங்கிவிடுவார்கள். எச்பி 2011ல் செய்த தவறு அதுதான்.

இடைக்கால சேவை ஒப்பந்தம் இன்னொரு பொறி. பிரிந்த நாளிலிருந்தே தனியாகச் சம்பளப் பட்டியல் போட, ஆர்டர் மென்பொருள் ஓட்ட புது நிறுவனத்தால் முடியாது. பெரும்பாலும் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை தாய் நிறுவனமே கட்டணம் வாங்கிக்கொண்டு செய்துகொடுக்கும். கெடு நெருங்கும்போது சொந்த அமைப்பு தயாராகவில்லையென்றால் கட்டணம் ஏறும். தாய் நிறுவனத்திலும் ஒரு தலைவலி மிஞ்சும். இரண்டு தொழிலுக்காக எடுத்த கட்டடமும் ஆட்களும் அப்படியே இருக்க, செலவைப் பகிர்ந்துகொள்ள ஒரு தொழில்தான் இருக்கும்.

சட்டச் சிக்கல் உள்ள சொத்து ஒன்று நடுவில் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. நோக்கியா 2014 ஏப்ரலில் தன் போன் தொழிலை மைக்ரோசாஃப்டுக்குக் கொடுத்தது. அது விற்பனை, ஸ்பின்-ஆஃப் இல்லை. ஆனால் தொழிலை அறுத்தெடுக்கும் வேலை ஒன்றுதான். 2006ல் தொடங்கிய ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலை வருமான வரி வழக்கில் சிக்கி முடக்கப்பட்டிருந்ததால், அதை மட்டும் ஒப்பந்தத்திலிருந்து விலக்கினார்கள். ஆலை நோக்கியாவிடம், வாடிக்கையாளர் மைக்ரோசாஃப்ட் என்ற நிலை. மைக்ரோசாஃப்ட் ஆர்டரை நிறுத்தியதும் 2014 நவம்பர் 1ஆம் தேதி உற்பத்தி நின்றது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். அவர்களில் பெரும்பகுதி இளம்பெண்கள். பிரிப்பு ஆவணத்தில் ‘விலக்கப்பட்ட சொத்துகள்’ என்று ஒரு வரி இருந்தால், அந்த வரிக்குப் பின்னால் இத்தனை வீடுகள் இருக்கலாம்.

மொபிலிட்டிக்கு என்ன ஆனது

பிரிந்த ஒரே வாரத்தில், ஜனவரி 11ஆம் தேதி, வெரைசன் ஐபோன் விற்கப்போவதாக அறிவித்தது. மொபிலிட்டியின் மிகப் பெரிய வாடிக்கையாளர் அது. ஒரே வாடிக்கையாளரை நம்பி நிற்கும் கருவித் தொழிலைப் பிரிக்கும்போது இதைவிடப் பெரிய அபாயம் இல்லை.

ஏற்கெனவே திவாலாகியிருந்த நோர்டெல் என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்தின் காப்புரிமைகளை அந்த ஆண்டு ஜூலையில் ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் இருந்த கூட்டணி 450 கோடி டாலருக்கு ஏலம் எடுத்தது. ஆண்ட்ராய்டைக் காக்கக் காப்புரிமை தேடிய கூகுள், ஆகஸ்ட் 15 அன்று மொபிலிட்டியை ஒரு பங்குக்கு 40 டாலர் வீதம், மொத்தம் சுமார் 1,250 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. அதற்கு முந்தைய வர்த்தக நாளின் சந்தை விலையைவிட 63 சதவீதம் அதிகம். நாம் மேலே பார்த்த 56 பங்குக்காரருக்கு, 7 மொபிலிட்டி பங்குக்கு 280 டாலர்.

பிரிந்து எட்டு மாதம்கூட ஆகாத நிலையில் இப்படி விற்பது வரி விஷயத்தில் ஆபத்தானது. பிரிப்புக்கு முன்போ பின்போ இரண்டு ஆண்டுக்குள் பாதி அல்லது அதற்கு மேற்பட்ட பங்குகள் கை மாறினால், இரண்டும் ஒரே திட்டம் என்று அமெரிக்கச் சட்டம் அனுமானிக்கும். அப்படி இல்லை, பிரிந்தபோது வாங்குபவருடன் பேச்சே நடக்கவில்லை என்று நிறுவனம் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் வரி விழுவது தாய் நிறுவனத்தின் மீது. அதனால்தான் பிரியும் நிறுவனங்கள், பின்னால் வரி வந்தால் யார் கட்டுவது என்று முதலிலேயே ஒப்பந்தம் எழுதிக்கொள்கின்றன.

கூகுள் கொடுத்த பணம் எதற்குப் போனது என்பதை அதன் கணக்கே சொல்கிறது. சுமார் 1,240 கோடி டாலரில் காப்புரிமைக்கும் தொழில்நுட்பத்துக்கும் 550 கோடி. கைக்கு வந்த ரொக்கம் 290 கோடி. விலையில் மூன்றில் இரண்டு பங்கு, பிரியும் நாளில் தாய் நிறுவனம் கொடுத்தனுப்பிய ரொக்கமும் காப்புரிமையும்தான். பிறகு செட்-டாப் பாக்ஸ் பிரிவை 235 கோடி டாலருக்கு அரிஸ் நிறுவனத்துக்கும், போன் பிரிவை 291 கோடி டாலருக்கு லெனோவோவுக்கும் கூகுள் விற்றது. காப்புரிமைகளில் பெரும்பாலானவற்றைத் தானே வைத்துக்கொண்டது. பிரிந்தபோது 40 டாலருக்கும் கீழே இருந்த சொல்யூஷன்ஸ் பங்கு, 2024ல் 400 டாலரைத் தாண்டியது.

உங்கள் கருவியின் நிறுவனம் பிரிந்தால்

பங்கு வைத்திருப்பவர் பதிவு ஆவணத்தில் முதலில் தேட வேண்டியவை: தொடக்க ரொக்கம், கடன், பெயர் யாருடையது, காப்புரிமை யாருக்கு, வருமானத்தில் ஒரே வாடிக்கையாளரின் பங்கு எவ்வளவு. லாப-நஷ்டக் கணக்கை அதன்பின் பார்த்தால் போதும்.

கருவி வாங்கியவர் பார்க்க வேண்டியது, பழைய விற்பனையின் வாரண்டிப் பொறுப்பு யாரிடம் என்பதை. சோனி தன் வயோ கம்ப்யூட்டர் தொழிலை 2014 ஜூலையில் ஜப்பான் இண்டஸ்ட்ரியல் பார்ட்னர்ஸ் என்ற முதலீட்டு நிறுவனத்திடம் கொடுத்தபோது, புது வயோ நிறுவனம் நாகனோ மாகாணத்தின் அசுமினோவில் சுமார் 240 பேரோடு தொடங்கியது. முதலில் ஜப்பானில் மட்டுமே விற்றது. அதற்கு முன் சோனி பெயரில் விற்ற வயோக்களுக்கான சர்வீஸை சோனியே தொடர்ந்து பார்த்துக்கொண்டது. ஆகவே பில்லையும் வாரண்டி அட்டையையும் தூக்கிப்போடாதீர்கள். அதில் விற்பனையாளராக அச்சாகியிருக்கும் நிறுவனத்தின் பெயரும் வாங்கிய தேதியும்தான், எந்த சர்வீஸ் மையத்தின் கதவைத் தட்டுவது என்பதைத் தீர்மானிக்கும்.